கூட யார் வந்திருக்கீங்க?

ஃபிலிப்பைன்ஸ் தீவு ஒன்றின் மாகாண ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, மாப்புக் குச்சிகளும் பினாயில் வாளியும் வைக்கிற படித் திருப்பத்தில் உட்கார்ந்துதான் ரொவேனா ஃபோன் வழியாக ஜப்பான்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கம்பெனி கொடுத்த பொய்ப் புத்தக அலமாரியும் அதன் முன்னால் ஒரு சிரித்த முகமும்தான். சிரிப்பு மட்டும் கம்பெனி கொடுத்ததில்லை, அது அவள் சொந்த முதல். உடம்பில் வேறெதுவும் மிச்சமில்லாத அந்த வாரத்திலும் மைக்கை அமுக்கினவுடன் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

மேலே மூன்றாம் மாடி வார்டில் அவள் அப்பா ஃப்ளோரோ கர்கனேரா கிடந்தார். நுரையீரல் முழுக்கச் சளி. தொண்டையில் குழாய் விட்டிருந்தார்கள். மூச்சு விடவைக்கிற மெஷின் ஒன்றுகூடக் காலியில்லை. அதனால் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் பையை மாட்டி, "அமுக்கிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அத்தனை படுக்கைக்கும் அவள் ஒருத்தி, பத்துக் கையோடா பிறந்தாள்? அப்பாவின் மூச்சு இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருந்தது. அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும்.

நோயாளிக்குத் துணையாக அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை இங்கே பந்தாய் என்பார்கள். இந்த ஊரில் பந்தாய் இல்லாமல் யாரும் ஆஸ்பத்திரிப் படியேற மாட்டார்கள். மருந்து வாங்க ஓடுவது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, துடைப்பது, புரட்டிப்போடுவது, கட்டிலுக்கடியில் அட்டை விரித்துப் படுப்பது எல்லாம் அவர் பாடு. ஃப்ளோரோவுக்கு இரண்டு பந்தாய்கள். ஒன்று ரொவேனா. இன்னொன்று, கப்பலில் வேலை பார்க்கிற அவள் தம்பியின் பெண்டாட்டி மாரிவிக். மாரிவிக்குக்கு மாலில் துணிக்கடை வேலை. நின்றுகொண்டே விற்க வேண்டும், உட்கார்ந்தால் மேனேஜருக்கு மூக்கு வேர்த்துவிடும். கெஞ்சிக் கூத்தாடி வியாழன் வரைக்கும் லீவு வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை போகாவிட்டால் வேறு பெண்ணை நிறுத்திவிடுவார்கள்.

ரொவேனாவின் கம்பெனி அதற்கும் ஒரு படி மேல். வகுப்பு நேரத்தில் டீச்சர் இல்லையென்றால் பட்டியலில் பெயர் கீழே இறங்கும். வாரம் முழுக்க இறங்கினால் கணக்கையே தூங்கவைத்துவிடுவார்கள். தூங்கின கணக்கு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. தம்பி அனுப்புவது அவன் கடனுக்கே சரியாகப் போயிற்று. மருந்து, சோறு, அப்பாவின் மூச்சுக்குழாய் எல்லாம் இந்தச் சிரிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, ஜப்பானில் அப்போது பன்னிரண்டு, ஒக்குடா வந்தார். எலிவேட்டர் பாகங்கள் செய்கிற கம்பெனியில் பிரிவுத் தலைவர், ஐம்பதைத் தாண்டியவர். சாப்பாட்டு இடைவேளையில் காரை விட்டு இறங்காமலே சோற்று உருண்டையைத் தின்றுகொண்டு வகுப்புக்கு வருவார். அன்றைய பாடம் கம்பெனி கொடுத்ததுதான்: வேலை நேரமும் உடல்நலமும்.

"உங்க நாட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை பாப்பாங்க, ஒக்குடா சார்?"

"சட்டப்படி எட்டு மணி நேரம், டீச்சர்."

"சட்டத்த விடுங்க. நீங்க?"

ஒக்குடா மென்றதை விழுங்கினார். "காலைல ஆபீஸ் கதவைத் திறக்கிறது நான். ராத்திரி விளக்கை அணைக்கிறதும் நான். நடுவுல இருக்கிறதெல்லாம் வேலைதான்."

"லீவே கிடையாதா?"

"ஐயோ, நிறைய இருக்கு. யாரும் எடுக்க மாட்டோம்."

"ஏன்?"

"நான் எடுத்தா என் வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் பாக்கணும். அவருக்குத் தொந்தரவு இல்லையா?"

"அப்ப லீவு எதுக்குத்தான் குடுக்கறாங்க?"

ஒக்குடா நிஜமாகவே யோசித்தார். "இருக்கணும்ல, டீச்சர். இல்லாம இருந்தா நல்லாருக்காது."

ரொவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. இது கம்பெனிச் சிரிப்பில்லை. "சரி, உடம்புக்கு முடியலன்னா?"

"வருஷம் ஒரு தடவை கம்பெனியே பாக்கும். பெரிய வண்டி வாசலுக்கே வரும். எக்ஸ்ரே எடுக்கிற மெஷின், ரத்தம் எடுக்கிற நர்ஸ், டாக்டர், எல்லாம் வண்டிக்குள்ளயே. நாங்க சட்டையைக் கழட்டிட்டு வரிசையில நிக்கணும். அவ்வளவுதான்."

"வாசலுக்கா? மெஷின் வாசலுக்கு வருமா?"

"ஆமா. ஏன் டீச்சர்?"

அவள் கண் மூன்றாம் மாடிப் படிக்குப் போயிற்று. ஒரு மெஷினுக்காக அவள் அப்பா வரிசையில் கிடக்கிறார். அங்கே மெஷின் சக்கரம் கட்டிக்கொண்டு ஆளைத் தேடி வருகிறதாம். இருக்கிறவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு ஒரு நியாயம் என்று இதைத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. பொறாமையில் அவள் நெஞ்சு எரிந்தது. அதையும் சிரிப்பில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேலேயிருந்து நர்ஸின் குரல் வந்தது. "கர்கனேரா பந்தாய்! எங்க போச்சு கர்கனேரா பந்தாய்?"

அதையடுத்து, அக்கா என்று அந்த ஊர் முறையில் கூப்பிடுகிற மாரிவிக்கின் குரல், அழுகிற மாதிரி. "மனாங்! கை பிடிச்சிக்கிச்சு, சீக்கிரம் வாங்க!"

பொய் அலமாரியின் முன்னால் ரொவேனாவின் முகம் போன போக்கை ஒக்குடா பார்த்துவிட்டார். சொந்தக் கஷ்டத்தை மாணவரிடம் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. சொல்லாமல் எழுந்து போகவும் வழியில்லை. ரெண்டே வாக்கியத்தில் சொன்னாள்: அப்பா மேலே இருக்கிறார், அவர் மூச்சை நாங்கள் கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறோம்.

"கையாலயா?" என்றார் ஒக்குடா. "டீச்சர் இங்க இருந்தா அங்க யார் கை?"

"தம்பி பெண்டாட்டி கை. அதுவும் இப்ப ஓஞ்சுபோச்சு. மன்னிச்சிருங்க சார், நான் போகணும்."

"போங்க, போங்க!" என்று ஒக்குடா உட்கார்ந்தபடியே ஆழமாகக் குனிந்தார். நெற்றி ஸ்டியரிங்கில் பட்டு ஹாரன் அலறியது. அதற்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு தரம் குனிய, இன்னொரு தரம் அலறியது. ரொவேனா படியேறி ஓடுகிற வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், ஒக்குடா அந்த வாரத்து வகுப்புகள் அத்தனையையும் ரத்து செய்திருந்தார். அது போதாதென்று, அவர் சிபாரிசில் சேர்ந்த ஆபீஸ்காரர்கள் இரண்டு பேரையும் ரத்து செய்ய வைத்திருந்தார். டீச்சருக்கு ஓய்வு தேவை, தொந்தரவு செய்யக் கூடாது என்று நல்ல மனசோடு செய்த காரியம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மத்தியானமே கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது: உங்கள் வகுப்புகள் குறைந்துவிட்டன, வெள்ளிக்கிழமை நேரங்கள் நிரம்பாவிட்டால் கணக்கு நிறுத்தப்படும்.

ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டே அதைப் படித்த ரொவேனா, வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரி டெலிங் திரும்பிப் பார்த்தாள். மீன் சந்தையில் கடை போட்டிருப்பவள், தன்னைவிடச் சின்னவள் யாரானாலும் இந்தாய் என்றுதான் கூப்பிடுவாள். சர்க்கரைப் புண்ணில் காலைக் கொடுத்துவிட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பந்தாய்.

"என்ன இந்தாய், டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல மனாங் டெலிங். ஒரு ஜப்பான்காரர் எனக்கு உபகாரம் பண்ணியிருக்கார்."

"உபகாரத்துக்கா இந்த வசவு?"

"இன்னொரு உபகாரம் பண்ணாருன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

அவள் ஒக்குடாவுக்குச் செய்தி தட்டினாள். இந்தத் தீவில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிப் பழகவில்லை. பார்க்கலாம் என்பார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். களைப்பு அந்த மரியாதையையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. "நீங்கள் வராவிட்டால் எனக்கு ஓய்வு இல்லை, வேலையே இல்லை. தயவுசெய்து எனக்கு நல்லது செய்யாதீர்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. ஒக்குடா காரில் இல்லை, ஏதோ மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் படிதான் கிடைத்தது போலிருக்கிறது.

"டீச்சர், பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"பரவால்ல சார்."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. நாளைக்கு உங்க எல்லா நேரத்தையும் நானே எடுத்துட்டேன். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் மட்டும்தான். நாளைக்கு எனக்கு லீவு."

"நீங்க லீவு எடுத்தீங்களா?"

"ஆமா. கேளுங்க டீச்சர். நீங்க அப்பாகிட்ட இருங்க. ஃபோனை எங்கயாவது வச்சிட்டு, சத்தத்தை மூடிருங்க. வகுப்பு நடக்குதான்னு உங்க கம்பெனி பேச்சுச் சத்தத்தை வச்சுத்தானே கண்டுபிடிக்கும்? நான் பாடப் புத்தகத்தை வாசிச்சிட்டே இருக்கேன். யாரும் கேக்க வேண்டாம்."

ரொவேனாவுக்கு நேற்று எரிந்த நெஞ்சு இன்று வெட்கப்பட்டது. "நாள் முழுக்கவா? உங்க லீவு வீணாப் போகுமே சார்."

"இத்தனை வருஷமா வீணாத்தான் போச்சு" என்றார் ஒக்குடா.

வெள்ளிக்கிழமை மாரிவிக் அழுதுகொண்டே மாலுக்குப் போனாள். ரொவேனா அப்பாவின் தலைமாட்டில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபோனைப் படித் திருப்பத்தில் வைக்கவில்லை. வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். அதனால் தன் மைக்கை மூடி, ஃபோனைத் தலையணை ஓரத்தில் சாய்த்து வைத்தாள். ஒக்குடாவின் குரலை மூட மட்டும் மனசு வரவில்லை. ஃபோன் சத்தத்தைக் குறைத்து, அவர் குரலை மெதுவாக ஓடவிட்டாள்.

அவர் சொன்னபடியே வாசித்தார். என் பொழுதுபோக்கு மீன் பிடிப்பது. ரயில் நிலையத்துக்கு எப்படிப் போக வேண்டும். இந்தச் சட்டை எனக்குச் சிறியது. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ரொவேனா அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். அப்பா கண் திறக்கவில்லை. கட்டைவிரல் மரத்துப்போனதும் கையை மாற்றிக்கொண்டாள். அந்தக் கையும் மரத்துப்போனது.

"யாரு அது, பாதிரியாரா?" என்றாள் டெலிங். "காலைலேருந்து ஓதிக்கிட்டே இருக்காரு."

"என் மாணவர், மனாங்."

"பாவம், தொண்டை காஞ்சிரும். தண்ணியாவது குடிக்கச் சொல்லு."

சாப்பாட்டு நேரம் தாண்டியபோது ஒக்குடாவிடம் இருந்த பக்கங்கள் தீர்ந்துவிட்டன போலிருக்கிறது. "புதன்கிழமை பாதியில் விட்ட பாடம்" என்று சொல்லிக்கொண்டு வேலை நேரத்துக்கும் உடல்நலத்துக்கும் திரும்பினார். ரொவேனாவின் குரலைப் போலவே கொஞ்சம் மெலிதாக்கிக் கேட்டார்: "ஒக்குடா சார், உங்க உடம்பு எப்படி இருக்கு?"

பிறகு தன் குரலில் சொன்னார்.

"எனக்கு வயித்துல ஒரு நிழல் இருக்கு. போன வருஷம் வண்டியில வந்த டாக்டர் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. நான் போகல. இந்த வருஷமும் சொன்னார். நிழல் வளந்திருக்குன்னு சொன்னார்."

ரொவேனாவின் கை ஒரு நொடி நின்றது. பதறி மறுபடி அமுக்கினாள்.

"குழாய் விட்டுப் பாக்கணும். மயக்க மருந்து குடுப்பாங்க. அதனால கூட ஒருத்தர் வரணும். ஆஸ்பத்திரிலேருந்து ஃபோன்ல கேட்டாங்க, கூட யார் வர்றாங்கன்னு. நான் யோசிச்சேன். ஆபீஸ்ல யாரையாவது கூப்பிட்டா அவர் லீவு போடணும். மனைவி என்னை விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. மக வடக்க இருக்கா, அவளுக்கும் வேலை. யாரும் இல்லன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால அந்த நாளை ரத்து பண்ணிட்டேன். அந்த நாள் இன்னைக்குத்தான். லீவு கையில இருந்துச்சு, டீச்சருக்காவது உதவட்டும்." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "கடைசி வாக்கியம் சரியான்னு தெரியல. டீச்சர் கேட்டா திருத்துவாங்க. அடுத்த கேள்வி. உங்கள் நாட்டில் மக்கள் எந்த வயதில் ஓய்வு பெறுகிறார்கள்?"

"என்ன இந்தாய், ஏன் அழுவுற?" டெலிங் எழுந்து வந்துவிட்டாள். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

ரொவேனா அமுக்குகிற தாளத்திலேயே, துண்டு துண்டாகச் சொன்னாள். வயிற்றில் நிழல் என்றாள். வாசலுக்கு வந்த டாக்டர் என்றாள். ரத்து செய்துவிட்டார் என்றாள்.

"சரி, அவருக்கு யாரு பந்தாய்?"

"யாரும் இல்லையாம்."

"சுஸ்மரியோசெப்!" டெலிங் சாமியைக் கூப்பிட்டுப் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. "அவ்வளவு பெரிய நாடு, டாக்டரு வாசலுக்கு வர்றாரு, பக்கத்துல உக்கார ஒரு நாதி கிடையாதா? என் புருஷனைப் பாரு, ஊர் பூரா கடன், வாயத் திறந்தா பொய், அவனுக்கே நான் இருக்கேன்!" கட்டிலில் கிடந்த புருஷன் ஆமாம் என்று தலையாட்டினான். எதிர்ப் படுக்கைக்காரி விஷயத்தைக் கேட்டு அவளுக்கு அடுத்தவளிடம் சொன்னாள். ஒக்குடா ஓய்வு வயதைப் பற்றி வாசித்து முடிப்பதற்குள், பந்தாய் இல்லாத ஜப்பான்காரருக்காக அந்த வார்டு முழுக்க உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது.

டெலிங் ரொவேனாவின் கைமேல் கை வைத்துப் பையை வாங்கிக்கொண்டாள். "கொடு இங்க. இந்தக் கை முப்பது வருஷமா மீன் வெட்டின கை, உங்கப்பன் மூச்சை விட்டுறாது. நீ போயி அந்த ஆளைத் திட்டு."

ரொவேனா ஃபோனை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனாள். வலது கை அவளைக் கேட்காமலே வெறுங்காற்றை அமுக்கி அமுக்கி விட்டது. இடது கையால் மைக்கைத் திறந்தாள்.

"ஒக்குடா சார்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. "டீச்சர்! நீங்க... எப்பலேருந்து கேக்கறீங்க?"

"மீன் பிடிக்கிறதுலேருந்து."

ஒக்குடாவுக்கு முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"இப்ப எங்க அப்பா மூச்சு ஒரு மீன்காரம்மா கையில இருக்கு" என்றாள் ரொவேனா. "போன வாரம் அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான் கேக்கக்கூட இல்ல, அவங்களா வந்து வாங்கிக்கிட்டாங்க. நீங்க என்னடான்னா, யாருக்கும் தொந்தரவு வேணாம்னு நிழலை வளத்துக்கிட்டு இருக்கீங்க! அறிவிருக்கா சார் உங்களுக்கு?"

மாணவரிடம் அப்படிப் பேசுகிற டீச்சரின் கணக்கு தூங்காது, செத்தே போகும். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"மன்னிச்சிருங்க, டீச்சர்."

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? இன்னொரு ஃபோன் வச்சிருக்கீங்கல்ல? ஆஸ்பத்திரிக்கு அடிங்க. இப்பவே. நான் கேக்கணும்."

"அடுத்த மாசம் கணக்கு முடிக்கிற வேலை..."

"ஒக்குடா சார்!"

"சரி டீச்சர், சரி. ஆனா கூட யார் வர்றாங்கன்னு கேப்பாங்களே."

"என் பேரைச் சொல்லுங்க."

"டீச்சர் ஃபிலிப்பைன்ஸ்ல இருக்கீங்க."

"முதல்ல பேரை எழுதட்டும். வர்றதைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். மகளுக்கும் நீங்க சொல்லணும். அவ வரலன்னா அந்தப் பக்கத்து சீட்டுக்காரர். அதுவரைக்கும் என் பேரு இருக்கட்டும். பேர் இல்லாம யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது."

"உறவு என்னன்னு கேட்டா?"

"அதை நீங்களே ஒண்ணு சொல்லிக்குங்க, எனக்கு ஜப்பானிய பாஷை தெரியாது."

ஒக்குடா இன்னொரு ஃபோனை எடுத்தார். மணி அடிக்கிறது கேட்டது. ஒரு பெண் குரல் எடுத்தது. ஒக்குடா குனிந்து குனிந்து பேசினார். அவர்கள் பேச்சு ரொவேனாவுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். ஒக்குடா ஃபோனைக் காதிலிருந்து தாழ்த்தினார், வைத்துவிடப் போகிறார் என்றே ரொவேனா நினைத்தாள். பிறகு, புரியாத அந்தப் பேச்சுக்கு நடுவே, நாக்குக்கு வராத ஒரு பெயரை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை, திருப்பிக் கேட்டாள். இந்தத் தடவை ஒக்குடா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீஸில் கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார், அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

"என்ன இந்தாய், என்ன சொல்றாரு அந்த ஆளு?" என்று டெலிங் பையை அமுக்கிக்கொண்டே கத்தினாள்.

"என் பேரை" என்றாள் ரொவேனா. வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் முழுசாக வந்தது.